மெலிந்த உடலில் விளைந்த வலிமை

தேக பலத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மல்லரையும் பயில்வான்களையுமே எடுத்துக்காட்டுவர். பிரஷ்யாவில் 1867இல் பிறந்து, இலண்டன் மாநகரில் உடற்பயிற்சிக் கழகம் நிறுவி உலகப் புகழ் எய்திய சாண்டோவின் பெயர், தமிழில் பலசாலிக்கே பொதுப்பெயராக வழங்கும் அளவுக்கு நம்மிடையே பரவியது. திரண்ட தோளும் விரிந்த மார்புமே வலிமையின் அடையாளம் என்னும் எண்ணமும் அப்பெயரோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. நான் இங்கே சொல்லப்போகும் வரலாறு அத்தகைய ஒருவருடையதன்று. இவருடைய உயரம் 165 சென்ரிமீற்றர். 1939ஆம் ஆண்டளவில் இவருடைய நிறை 46.7 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 103 இறாத்தல். இந்த மெலிந்த மனிதர் அறுபது வயதில் 241 மைல் தூரத்தைக் கால்நடையாகக் கடந்தார். எழுபத்துமூன்று வயதில் 21 நாள் உண்ணாநோன்பிருந்து பிழைத்தெழுந்தார். எழுபத்தேழு வயதில் வெறுங்காலுடன் ஊர் ஊராக நடந்தார். அவர் காந்தியடிகள் என்பதை வாசகர் இதற்குள் உணர்ந்திருப்பர்.

அடிகளின் அரசியலைப் பற்றி நூல்கள் மலையெனக் குவிந்துள்ளன. அவர் தம் உடலை எவ்வாறு ஆக்கிக்கொண்டார் என்பதே என் பொருள். இதற்கு ஒரு காரணம் உண்டு. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே, புகையிரதம் மூச்சு வாங்கி ஏறும் றொசல்லப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரிபவன் நான். இங்குள்ள மாணவர் அண்மைக் காலமாகத் தேகாப்பியாசத்தில் பேரார்வம் கொண்டுள்ளனர். நகரத்துக்குச் சென்று இரும்பு தூக்குவோரும், டப்பாக்களில் விற்கப்படும் சத்து மாவுக்காகக் காசு சேர்ப்போரும் அவர்களிடையே உண்டு. ஆர்வம் நன்று. ஆயினும் வலிமை என்பது கடையில் வாங்கும் சரக்கு என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றுவதைக் கண்டபோது, அடிகளின் வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும் என்னும் விருப்பம் எனக்கு எழுந்தது.

1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், பிள்ளைப் பருவத்தில் வலிமைக்குப் பேர்போனவர் அல்லர். இருளுக்கு அஞ்சுவார்; பேய்க்கும் கள்வருக்கும் பாம்புக்கும் அஞ்சுவார்; விளக்கின்றி உறங்கமாட்டார். பள்ளி விட்டதும் எவரேனும் பேச்சுக் கொடுத்துவிடுவரோ என்ற கூச்சத்தால் வீட்டுக்கு ஓடிவிடுவார். ராஜ்கோட் உயர்தரப் பாடசாலையின் தலைமையாசிரியரான கிமி என்னும் பார்சிக் கனவான் மேல்வகுப்பு மாணவருக்குத் தேகாப்பியாசத்தையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். மோகன்தாஸுக்கு அவ்விரண்டும் கசந்தன. கூச்சம் ஒரு காரணம். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்யவேண்டும் என்ற ஆவல் மற்றொரு காரணம். உடற்பயிற்சிக்கும் கல்விக்கும் தொடர்பில்லை என்றே அந்நாளில் அவர் எண்ணியிருந்தார். பிற்காலத்தில் அவ்வெண்ணம் பிழையெனக் கண்டு, மனப்பயிற்சிக்கு நிகரான இடம் உடற்பயிற்சிக்கும் பாடத்திட்டத்தில் உண்டு என்னும் முடிவுக்கு வந்தார். ஆயினும் பள்ளிக் காலத்திலேயே ஒரு நற்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. திறந்த வெளியில் நெடுந்தூரம் நடத்தலின் நன்மையை எங்கோ படித்தார். படித்ததைச் செய்யத் தொடங்கினார். அவர் வாழ்நாள் முழுவதும் விடாத தேகாப்பியாசம் அந்த நடை ஒன்றே.

வலிமையின்மேல் அவருக்கு வேட்கை இல்லாமலும் இல்லை. ஓட்டத்திலும் தாவுதலிலும் தேர்ந்த நண்பன் ஒருவன் அவருக்கு வாய்த்தான். ஆங்கிலேயர் புலால் உண்பதால் பலசாலிகள், நாம் உண்ணாமையால் அவர்களுக்கு அடிமைகள் என்று அவன் வாதித்தான். பேய்க்கஞ்சும் சிறுவருக்கு அவ்வாதம் பெரிதாகத் தோன்றியது. வைணவக் குடும்பத்துப் பிள்ளை ஆற்றங்கரையின் தனியிடத்தில் மறைந்திருந்து ஆட்டிறைச்சி உண்டார். ஏறக்குறைய ஓராண்டில் ஐந்தாறு விருந்துகள் நடந்தன. அவற்றை அவர் நிறுத்தியது இறைச்சி பிடிக்காமையால் அன்று. பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்தமையால். பொய்யால் பெறும் பலம் பலமன்று என்பது அவர் தேக பலம் பற்றிக் கற்ற முதற் பாடம் எனலாம்.

1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றபோது, மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தீண்டேன் எனத் தாய்க்கு அளித்த வாக்குறுதி உடன் சென்றது. உப்புச் சப்பற்ற வேகவைத்த காய்கறியையும் ரொட்டியையும் உண்டு அரைப்பசியோடு பல வாரம் கழித்தார். ஒரு நாள் பரிங்டன் வீதியில் சைவ உணவுச்சாலை ஒன்று கண்ணிற் பட்டது. அங்கே விலைக்கு வைத்திருந்த சோல்ட் என்பாரின் நூல் அவருடைய சைவத்துக்கு அறிவின் ஆதாரத்தை அளித்தது. அதுவரை தாய்க்காகக் காத்த நோன்பு அன்றுமுதல் அவருடைய சொந்த நோன்பாயிற்று. ஊரிலிருந்து வந்த மசாலைப் பண்டங்களை நிறுத்திப் பார்த்தார். வெறும் நீரில் வெந்த கீரை முன்பு கசந்தது, இப்போது இனித்தது. கீரை மாறவில்லை; உண்டவர் மனமே மாறிற்று. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்று அவர் தெளிந்தது அப்போதுதான்.

அதே காலத்தில் வண்டிக் கூலியை மிச்சப்படுத்துவதற்காக நாள்தோறும் எட்டு, பத்து மைல் நடந்தார். இலண்டன் குளிரில் தம்மை நோயணுகாமற் காத்தது இந்த நடையே என்று அவர் கருதினார். பணமில்லாத மாணவன் ஒருவன் தன் பணமின்மையையே தேகாப்பியாசமாக மாற்றிக்கொண்ட விந்தை இது.

1893இல் தொடங்கிய தென்னாபிரிக்க வாழ்க்கையே அவருடைய உடலை உருக்காக்கிய உலைக்களம். 1899இல் மூண்ட போயர் யுத்தத்தில் ஏறக்குறைய 1100 இந்தியரைக் கொண்ட காயமுற்றோர் உதவிப் படையை அமைத்து, தூக்குக் கட்டில்களைச் சுமந்து நாளொன்றுக்கு 20, 25 மைல் நடந்தார். ஜொகன்னஸ்பேர்க்கில் வழக்கறிஞராய் வசதியோடு வாழ்ந்த நாளிலோ மலச்சிக்கலும் தலைவலியும் அவரை வாட்டின. காலையுணவை விட்டார், தலைவலி நீங்கியது. ஜெர்மானியரான யுஸ்ட் எழுதிய நூலைப் படித்து, ஈரமண் பற்றுப் போட்டார். மலச்சிக்கலுக்காக உண்டுவந்த மருந்துகளை நிறுத்தினார். ஒவ்வொரு சோதனைக்கும் தம் உடலையே முதற் களமாக்கினார். 1913இல் உடல்நலம் பற்றி அவர் தம் பத்திரிகையில் குஜராத்தியில் எழுதிய கட்டுரைகள், 1921இல் சென்னையில் ஆங்கில நூலாக வெளிவந்து பல நாடுகளில் பரவின.

1910இல் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைலுக்கு அப்பால், நண்பர் கலன்பாக் அளித்த 1100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய்ப் பண்ணை எழுந்தது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் பல. வேலைக்காரர் எவரும் இலர். மண் வெட்டுதல், மரம் அறுத்தல், சுமை சுமத்தல், கழிவகற்றல் அனைத்தும் பண்ணை வாசிகளின் பணியே. கோதுமையைக் கைத்திரிகையில் அரைத்து உமி நீக்காத மாவில் ரொட்டி சுட்டனர். சொந்த அலுவலாக நகரம் செல்வோர் நடந்தே செல்லவேண்டும் என்பது விதி. அடிகளும் இருளோடு புறப்பட்டு 21 மைல் நடந்து நகரம் சேர்ந்தார். அங்கிருந்த சிறுவருக்குத் தனியே தேகாப்பியாச வகுப்பு எதுவும் தேவைப்படவில்லை. உழைப்பே பயிற்சியாக இருந்தது.

அந்த ஆற்றல் 1913 நவம்பரில் தன் பயனைக் காட்டியது. நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளர், தம்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்தினர். 2037 ஆண்களும் 127 பெண்களும் 57 பிள்ளைகளும் அவர் பின்னே டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தனர். ஆளுக்கு ஒரு நாள் உணவு ஒன்றரை இறாத்தல் ரொட்டியும் ஒரு அவுன்சு சீனியும் மட்டுமே. அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். நம் மூதாதையர் கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தார்கள் அல்லவா? கடல் கடந்து கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் சென்றவர்களும் அத்தகைய சிற்றூர்களிலிருந்து புறப்பட்டவர்களே. முதலாளியின் சாட்டைக்கு நடுங்கியவர்கள் சிறைக்கு அஞ்சாமல் நடந்தார்கள். அவர்களுடைய தசைகள் ஒரே வாரத்தில் பெருத்துவிடவில்லை, அச்சம் ஒழிந்தது. அதுவே அவர்களுக்கு வந்த பலம்.

இனி, அடிகளின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். அவர் எப்போதும் வென்றவர் அல்லர். 1912இல் டால்ஸ்டாய்ப் பண்ணையில் பாலை விலக்கினார். கறவை மாடுகளுக்குச் செய்யப்படும் கொடுமையை அறிந்து அந்த உறுதி பின்னர் நோன்பாகவே இறுகியது. 1918இல் கேடா மாவட்டத்தில் ஊரூராக அலைந்தபோது வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சம்பழமுமே அவருடைய முக்கிய உணவு. கடும் சீதபேதி கண்டது. சிகிச்சைக்கு இணங்க மறுத்து, மரண வாயில் வரை சென்றார். பால் அருந்தாமல் உடலைத் தேற்ற இயலாது என்று மருத்துவர் கூறினார். விலக்கியது பசுவின் பாலையும் எருமைப் பாலையும்தானே, ஆட்டுப்பால் அருந்தலாகாதா என்று கஸ்தூரிபாய் அம்மையார் வழி காட்டினார். அடிகள் இணங்கினார். நோன்பின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டோமே என்ற வேதனை அவரை விட்டு நீங்கவில்லை. அந்த வேதனையோடு, தம் நூலைப் படித்துப் பாலை விலக்கியவர்கள் அதை மீண்டும் அருந்துதல் நன்று என்று தம் சுயசரிதையில் வெளிப்படையாக எழுதினார்.

1929இல் சமைக்காத உணவை உண்ணும் சோதனையில் இறங்கினார். உடல் ஏற்கவில்லை, கைவிட்டார். 1924இல் குடல்வால் அழற்சி வந்தபோது, தாம் குறை கூறிவந்த மேனாட்டு மருத்துவத்திடமே புனாவில் உடலை ஒப்படைத்து அறுவைச் சிகிச்சை பெற்றார். கொள்கையில் உறுதியும், உண்மையைக் கண்டவிடத்து மாறும் பணிவும் ஒருவரிடமே அமைதல் அரிது. உடல் நலத்தை நாடுவோர்க்கு இரண்டும் வேண்டும். உறுதி இல்லாதவன் மூன்றாம் நாளே பயிற்சியை விடுவான். பணிவு இல்லாதவன் உடல் தரும் எச்சரிக்கையைக் கேளாமல் நோயில் வீழ்வான்.

அவர் நம் மலைநாட்டுக்கு வந்ததும் அத்தகைய எச்சரிக்கை ஒன்றைப் பெற்ற பின்னரே. 1927 மார்ச் மாதம் கோலாப்பூரில் இரத்த அழுத்தம் மிகுந்து தளர்ந்து வீழ்ந்தார். நந்தி மலையிலும் பெங்களூரிலும் மாதக்கணக்கில் ஓய்வு கொண்டார். ஓய்வெடுத்தலும் ஆரோக்கியத்தின் ஓர் அங்கம் என்பதற்கு அந்த மாதங்கள் சான்று. தேறியபின் தமிழகம் முழுவதும் சுற்றி, நவம்பரில் இலங்கைக்கு வந்தார். கஸ்தூரிபாய் அம்மையாரும் இராஜாஜியும் மகாதேவ தேசாயும் உடன் வந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை, ஹட்டன் முதலிய இடங்களில் மக்களைச் சந்தித்தார். கதர் நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் தம் காசை ஈந்தனர். இலங்கையில் அவர் நிகழ்த்திய பேச்சுகளில் மதுவை ஒழிக்கும் வேண்டுகோள் மீண்டும் மீண்டும் ஒலித்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் கூலிக்காசை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது வெறும் ஒழுக்கப் பிரசாரமன்று. பிள்ளையின் வாய்க்குச் செல்லவேண்டிய உணவைக் காக்கும் முயற்சியுமாகும்.

1930 மார்ச் 12ஆம் திகதி சபர்மதியிலிருந்து 78 தோழருடன் தண்டியை நோக்கிப் புறப்பட்டு, 24 நாளில் 241 மைல் நடந்தார். இளைஞர் பலர் கால் கொப்பளித்துத் தளர்ந்தவிடத்தும் முதியவர் முன்னே சென்றார். வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் நடந்தவருக்கு அது புதிய வேலையன்று. 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் அவருடைய தலைமையில் தோன்றியது. தஞ்சாவூரிற் பிறந்த தமிழரான ஜே. சி. குமரப்பா அதை நடத்தினார். ஆலையில் தீட்டிய வெள்ளரிசிக்குப் பதிலாகக் கைக்குத்தலரிசி, வெள்ளைச் சீனிக்குப் பதிலாக வெல்லம், வேலியோரத்தில் விளையும் பச்சைக்கீரை ஆகியவற்றை அச்சங்கம் ஊர்தோறும் எடுத்துரைத்தது. ஏழைக்கு எட்டாத உணவை எவ்வளவு புகழ்ந்தும் பயனில்லை என்பதை அடிகள் அறிந்திருந்தார்.

1942இல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது உடல்நலம் பற்றிய தம் நூலைப் புதிதாக எழுதினார். முப்பதாண்டுச் சோதனையின் சாரம் அது. ஒரு நாளைக்கு இரண்டு இறாத்தல் பசுப்பால், ஆறு அவுன்சு தானியம், கீரையும் காய்கறியுமாக ஒன்பது அவுன்சு, ஒன்றரை அவுன்சு நெய், ஒன்றரை அவுன்சு வெல்லம் அல்லது சீனி, இயன்ற அளவு பழம் என்று அதில் கணக்கிட்டார். முன்பு பாலை விலக்கியவர் பாலை முதலில் வைத்ததைக் கவனிக்கவேண்டும். மற்றொன்றையும் கவனிக்கவேண்டும்: இக்கணக்கு உட்கார்ந்து வேலை செய்வோருக்கு உரியது. உடலால் உழைப்போருக்கு இதனினும் மிகுதி வேண்டும் என்பது வெளிப்படை.

இவ்விடத்தில்தான் அடிகளின் வரலாறு நம் மலைகளை நோக்கிக் கேள்வி கேட்கிறது. உடற்பயிற்சி, உணவு, மனவுறுதி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஆரோக்கியம். இவற்றுள் முதலாவது நம் மக்களுக்குக் குறைந்ததே இல்லை. விடியலில் பிரட்டுக் களத்துக்கு நடந்து, நாள் முழுதும் செங்குத்தான மலையில் ஏறி இறங்கி, கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கி, நிறுவைக்கு நிற்கும் பெண்ணுக்கு எந்தப் பயிற்சிக்கூடம் எதைக் கற்பிக்க முடியும்? அவளுக்குக் குறைந்தது உணவு, குறைந்தது ஓய்வு. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சீனி கலந்த சாயத் தேத்தண்ணியும் பசியை அடக்கும். உழைத்த உடலை மீண்டும் கட்டியெழுப்ப அவை போதா. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். இப்பிள்ளைகளிடம் தன்னடக்கத்தை மட்டும் போதிப்பது அறமாகாது. வயிறு நிரம்பியவனின் உண்ணாநோன்பு தவம். வயிறு காய்ந்தவனின் பட்டினி தவமன்று. தாமே விரும்பி உணவைக் குறைத்த ஒருவரைக் காட்டி, கிடையாமையால் குறைத்தவர்களை யாரும் சமாதானப்படுத்தலாகாது.

ஆயினும் நம் கையில் உள்ளவையும் சில உண்டு. தேநீர் உடலுக்கு இன்றியமையாததன்று என்றும், அதில் சத்து என்று உள்ளது சேர்க்கும் பாலும் சீனியுமே என்றும் அடிகள் கருதினார். தேயிலையால் வாழும் நமக்கு இது கசப்பான பேச்சுத்தான். தேத்தண்ணியை விட்டொழிக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. உணவோடு சேர்த்து அருந்தும்போது அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது என்பதை இன்றைய மருத்துவம் நிறுவியுள்ளது. ஆகவே சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுதல் இரத்தசோகை மிகுந்த நம் பெண்களுக்குச் செலவில்லாத மருந்து. லயத்தின் ஓரத்துச் சிறு துண்டு நிலத்தில் வல்லாரையும் பசளியும் வளர்த்தல் மற்றொன்று. பருப்பையும் முட்டையையும் சத்து மாவு டப்பாவுக்கு முன்னே வைத்தல் இன்னொன்று.

மாணவருக்குச் சொல்வதும் இதுவே. இரும்பு தூக்க விரும்பினால் தூக்குக, அதில் தவறில்லை. ஆனால் முதலில் அதை நாள் தவறாமல் செய்யும் பழக்கத்தைப் பெறவேண்டும். உண்பதை அறிந்து உண்ணவேண்டும். உடல் வேண்டாமென்று சொல்லும்போது நிறுத்தவும் தெரியவேண்டும். 1947இன் தொடக்கத்தில், கலவரத்தால் சிதைந்த நவகாளியில் 47 ஊர்கள் வழியாக 116 மைல் வெறுங்காலோடு நடந்த கிழவரிடம், விளக்கின்றி உறங்க அஞ்சிய சிறுவனின் சாயலே இல்லை. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் அவர் செய்தது எவரும் செய்யக்கூடியதே: நாள்தோறும் நடந்தார், உணவைக் கவனித்தார், அச்சத்தை ஒவ்வொன்றாகக் களைந்தார், தவறியபோது திருத்திக்கொண்டார். 1948 ஜனவரி 30ஆம் திகதி துப்பாக்கிக் குண்டு அவர் உயிரைக் கவர்ந்தபோதும் அவர் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து சென்றுகொண்டிருந்தார்.

நம் மலைப் பாதைகளில் நடப்பதற்கு நம் பிள்ளைகளுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நடந்து வரும் அப்பிள்ளையின் வயிற்றில் காலையுணவு இருக்கிறதா என்று விசாரிப்பதே ஆசிரியராகிய நாம் நடத்தவேண்டிய முதல் தேகாப்பியாச வகுப்பு.